ரவுட்டருக்குப் பொட்டு வைக்கும் நாள்

ஓய்வு பெற்றவள் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எரிச்சல் வருகிறது. வேலை போய்விட்டது, ஓய்வு வரவில்லை, இதுதான் உண்மை. காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். வானம் இருட்டினால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கத் தோன்றுவதில்லை, மயிலாடுதுறை லைன் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது. பார்த்து என்ன செய்யப் போகிறேன்? நான் வெளியே வந்த அன்றே பாஸ்வேர்டையெல்லாம் மாற்றிவிட்டார்கள். யார் போனாலும் அன்றே மாற்ற வேண்டும் என்று விதி எழுதி வைத்ததும் நான்தான்.

போன மாதம் ஹரிணி போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். எங்கள் கம்பெனியைச் சென்னைக்காரர்கள் வாங்கிவிட்டார்கள், ரவுட்டர்களையும் அங்கேயே ஒரு டேட்டா சென்டருக்கு மாற்றப் போகிறார்கள் என்ற செய்தியோடு ஒரு கேள்வியும் கேட்டாள்.

"மேடம், ஆயுத பூஜை அன்னிக்கு ரெண்டு ரவுட்டரையும் மாத்தி மாத்தி ஆஃப் பண்ணணும்னு நடைமுறையில எழுதி வெச்சிருக்கீங்க. நல்லா ஓடுற மெஷின எதுக்கு ஆஃப் பண்ணணும்னு சென்னையில கேக்குறாங்க. ஒரு ரெண்டு வரி எழுதி அனுப்புங்களேன்."

இரண்டு வரி எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்குகிற விஷயமாக அது இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. கொஞ்ச காலம் டிவி ரிப்பேர் கடையில் சால்டரிங் புகை. பிறகு மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கேபிள் டிவி ஆபீசில் வேலை. அந்தக் கேபிள் ஆபீஸ்தான் வளர்ந்து, சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியாக மாறியது. முதலாளி ராமலிங்கம் தெருவுக்குத் தெரு கம்பத்தில் ஏறி வயர் இழுத்தவர். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது, ஆட்களைத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கலியமூர்த்தி சாரைக் கூட்டிவந்து எங்கள் தலையில் உட்கார வைத்தார்.

உட்கார வைத்தார் என்பது பேச்சுக்கு. சார் மெஷின் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகப்பு நம் பக்கம் பார்க்கும்படி மேஜைமேல் வைப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார். கீபோர்டைத் தொட மாட்டார். நாம் டைப் செய்ய வேண்டும், என்டர் அடிக்கும் முன் டைப் செய்ததை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"திரும்பி வர வழி எங்க?"

இந்த மாற்றம் தப்பாகப் போனால் பழைய நிலைக்கு எப்படி வருவாய் என்று அர்த்தம். பதில் இல்லையென்றால் என்டர் கிடையாது. எனக்கோ கை பரபரவென்று இருக்கும். அடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஜாதி நான். அவர் பின்னால் நிற்கிற நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை கற்றுக்கொண்டேன்.

ஆரம்பத்தில் எங்களிடம் விலைக்கு வாங்கிய ரவுட்டர் பெட்டி ஒன்று இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களின் எல்லாப் போக்குவரத்தையும் வெளியுலகத்துக்குத் திருப்பிவிடுவது அதுதான். ஆட்கள் கூடக் கூட அது திணறியது. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கவும் முடியாது, கம்பெனிக்காரன் வந்து சொன்னால்தான் உண்டு. சார் இரண்டு சாதாரண கம்ப்யூட்டரை வாங்கி, நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, ஓப்பன் சோர்ஸ் ரவுட்டர் மென்பொருளை ஏற்றினார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள்.

"ஓசியில கிடைக்கிறது ஊரைத் தாங்குமா சார்?" என்று கேட்டார் முதலாளி.

"அது தாங்காதுங்க. நாமதான் தாங்கணும்" என்றார் சார்.

இரண்டில் ஒன்றுக்கு மூத்தது என்று பெயர், இன்னொன்றுக்கு இளையது. வேலை செய்வது மூத்தது. அது படுத்தால் அந்த நொடியே இளையது பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. நன்றாக ஓடுகிற மூத்ததை யார் போய் அணைப்பது?

ஆயுத பூஜை அணைக்க வைத்தது. அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். ஏணி, கட்டிங் பிளேயர், வயர் சுற்றும் டிரம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு ரவுட்டரைக் காட்டி, "இதுவும்தானே வருஷம் பூரா உழைக்குது, இதுக்கு மட்டும் ஓய்வு இல்லையா?" என்றார். சார் கடவுள் இல்லை என்று சொல்கிறவர். கோயில் பிரசாதத்தைக்கூட, பசித்தால் மட்டும் சாப்பிடுவார். நானோ ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் மூன்று பேரில் சார்தான் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வருஷத்தில் ஒரு நாள் மூத்ததை அணைத்து, திறந்து, தூசு தட்டி, பொட்டு வைக்க வேண்டும். அதுவரை இளையது ஊரைச் சுமக்க வேண்டும். பிறகு மூத்தது ஏறியதும் இளையதுக்குப் பொட்டு. சாமி பெயரில் ஒரு பரீட்சை. சார் சந்தனம் வைக்க மாட்டார், ஆனால் அந்த நாளைத் தள்ளிப்போட ஒரு தடவையும் சம்மதித்ததில்லை. எனக்கு அதில் கிடைத்தது பொரிகடலை.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன். மேட்டூர் தண்ணீர் தாமதமாக வந்த வருஷம். குறுவை அறுவடை தள்ளிப்போய் மழைக்காலத்தின் வாசலில் வந்து நின்றது. எங்கள் ஊர் குத்தாலம் பக்கம். அங்கே என் தம்பி அந்தோணி சாகுபடி செய்கிறான். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் அறுத்துக் கூலி வாங்கியவர். அந்தோணி குத்தகைக்கு எடுத்து உழுது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு துண்டு நிலம் வாங்கினான். சொந்த மண்ணில் அவனுக்கு அதுதான் முதல் குறுவை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுத் தன் முறைக்காகக் குவியலோடு காத்துக் கிடந்தான். அங்கே விவசாயி விரல் ரேகை வைத்தால்தான் நெல்லை எடைக்கு ஏற்றுவார்கள். அந்த ரேகை எங்கள் லைன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நெல் தேங்கிவிட்டதால் விடுமுறை நாளிலும் நிலையத்தைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஆயுத பூஜை அன்று காலையில் கிழக்கே மேகம் கட்டியிருந்தது. நான் சாரிடம் போய் நின்றேன்.

"சார், இன்னிக்கு வேணாமே. மழை வர்ற மாதிரி இருக்கு. என் தம்பி நெல்லு அங்க வெட்டவெளியில கிடக்கு. நாளைக்கு வெச்சுக்கலாம்."

"இளையது மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு சார். ஆனாலும்..."

"இருக்குன்னா ஏன் ஆனாலும்? இல்லன்னா அதை எதுக்கும்மா ரேக்ல வெச்சிருக்கோம்?"

மூத்ததை அணைத்தேன். இளையது எடுத்துக்கொண்டது. திரையில் ஒவ்வொரு ஊரும் பச்சையாக இருந்தது. ஊர் ஊராகப் பிங் அனுப்பினேன். இருக்கிறாயா என்று ஒரு சின்னத் தகவல் போகும், இருக்கிறேன் என்று அது திரும்பி வரும். எல்லா ஊரும் இருக்கிறேன் என்றது. சார் தலையை அசைத்தார். மூத்ததின் மூடியைக் கழற்றி, மின்விசிறியையும் மெமரி அட்டைகளையும் பிரித்து, தினத்தாள் விரித்து அதன்மேல் அடுக்கினோம். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி தட்டில் சந்தனம் குங்குமத்தோடு உள்ளே வந்தார். என் போன் அடித்தது.

"அக்கா, நெட்டு போச்சா?" அந்தோணி.

"போகலையே. எல்லாம் பச்சையா இருக்கு."

"இங்க ஒண்ணும் நடக்கலக்கா. விரல வெச்சா ஒரு வட்டம் சுத்துது. சுத்துது, சுத்துது, அப்படியே நின்னுடுது. மொத ஆளே இன்னும் முடியல. எனக்கு முன்னாடி நிறைய பேரு நிக்கிறாங்க. வானத்தப் பாத்தியா?"

நிலையத்துக்கு மறுபடி பிங் அனுப்பினேன். அழகாகத் திரும்பி வந்தது. சார் எட்டிப் பார்த்துவிட்டு, "லைன் சரியா இருக்கு. அவங்க மெஷின்ல ஏதோ" என்றார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் நேற்றுவரை ஓடிய மெஷின் நாங்கள் அணைத்த நேரம் பார்த்தா கெடும்?

"டேய், உன் போனை அந்த ஆபீஸ் வைஃபைல போட்டு எனக்கு ஏதாவது அனுப்பு" என்றேன்.

வாட்ஸ்அப்பில் 'அக்கா' என்று வந்தது. உடனே வந்தது. போட்டோ ஒன்று அனுப்பு என்றேன். வரவில்லை. காத்திருந்தேன். வரவேயில்லை.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை. பிங்கின் அளவைப் பெரிதாக்கி அனுப்பினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் கொள்முதல் நிலையம் இருந்த பக்கத்துக்கு அந்த வருஷம்தான் லைன் கொடுத்திருந்தோம், அங்கே மட்டும் எங்களுக்குச் சொந்த வயர் இல்லை. இன்னொரு சிறு கம்பெனியின் வயருக்குள் எங்கள் தகவலை உறைக்குள் உறையாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். கூடுதலாக ஒரு உறை போட்டால் உள்ளே வைக்கும் கடிதம் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். அப்படிச் சிறியதாக மடித்து அனுப்பு என்று இரு முனைக்கும் சொல்கிற ஒரே ஒரு விதியை ரவுட்டரில் போட்டிருந்தோம். மூத்ததில் அது இருந்தது. மூத்ததில் செய்கிற மாற்றங்களை இளையதுக்குத் தானாகப் படியெடுக்க சார் எழுதிய சின்ன நிரல், இந்த விதி இருந்த கோப்பை மட்டும் தொடவில்லை. இளையதுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. பெரிய கடிதமெல்லாம் உறையில் நுழையாமல் வழியிலேயே விழுந்துகொண்டிருந்தது. நெல் போட வந்த மனிதர்களின் ரேகை உட்பட.

"மூத்ததையே ஏத்திடலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். மூத்தது தினத்தாளில் கிடந்தது. விசிறி ஒரு பக்கம், மெமரி ஒரு பக்கம். மாட்டி, ஏற்றி, சரிபார்த்து முடிப்பதற்குள் மழை வந்து போயிருக்கும்.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "திரும்பி வர வழி எங்க சார்?" என்று கேட்டேன். அவர் குரலிலேயே கேட்டேன்.

முதலாளி தட்டோடு அப்படியே நின்றார். சார் தினத்தாளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல், என் பக்கம் பார்க்கும்படி வைத்தார்.

"இளையதுலயே விதியைப் போடு. டைப் பண்ணு. என்டர் அடிக்காத. வாசி."

டைப் செய்தேன். வாசித்தேன். அடுத்து அவர் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் முந்திக்கொண்டேன்.

"டைமர் வேணாம் சார். நேரா போட்டுடுறேன்."

டைமர் என்பது எங்கள் ரவுட்டரில் இருந்த ஒரு வசதி. மாற்றம் செய்துவிட்டுக் குறித்த நேரத்துக்குள் 'சரி' என்று உறுதி செய்யாவிட்டால், மெஷின் தானே அணைந்து பழைய நிலையில் ஏறிவிடும். நம் தப்பில் நாமே வெளியே மாட்டிக்கொண்டாலும் அது நம்மைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் டைமர் போட்டால் கூடுதல் வரிகள், கூடுதல் வாசிப்பு. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"டைமர் போடும்மா."

"என் தம்பி நெல்லு சார் அது."

"தெரியும். உன் தம்பி நெல்லு ஒரு நிலையத்துல இருக்கு. மத்தவங்க நெல்லு மத்த நிலையத்துல எல்லாம் இருக்கு. அங்கல்லாம் இப்ப விரல் போய்க்கிட்டிருக்கு. எல்லாம் இந்த ஒரு மெஷின் மேல நிக்குது. நீ அவசரத்துல ஒரு எழுத்த மாத்திப் போட்டா, அத்தனை பேருக்கும் சேர்த்து நிக்கும். டைமர் போடு."

அந்த நிமிஷத்தில் அவரை வெறுத்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் வெறுப்பை இன்னும் அதிகமாக்கியது. டைமர் போட்டேன். முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். வாசிக்கும்போது எண்களில் ஒன்று இடம் மாறியிருந்தது தெரிந்தது. திருத்தினேன். என்டர் அடித்தேன்.

போனில் அந்தோணி லைனில்தான் இருந்தான். அங்கே பேச்சுச் சத்தம் கேட்டது.

"அக்கா, வட்டம் நின்னுடுச்சு. பேரு வந்துடுச்சு. அடுத்த ஆளக் கூப்பிடுறாங்க."

"கன்ஃபார்ம் பண்ணு" என்று சார் கடிகாரத்தில் விரல் வைத்தார். உறுதி செய்தேன். முதலாளி பெருமூச்சு விட்டு, பிரித்துக் கிடந்த மூத்ததின் மூடியில் பொட்டு வைத்தார். எனக்குப் பொரி கொடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தோணிக்கு முன்னால் நிறைய பேர் நின்றார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் இடி மணிக்கூண்டுப் பக்கம் கேட்டபோது நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். மழை சரஞ்சரமாக இறங்கியது. அந்தோணியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தார்ப்பாய் இழுக்க இரண்டு கையும் வேண்டுமே.

அவனுக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப்பேரின் நெல் உள்ளே போய்விட்டது. அவனுடையது போகவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடி, குவியலின் அடிப்பக்கம் ஊறிவிட்டது. ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அளந்து பார்த்துத்தான் சொன்னார்கள். அவனும் அவன் மனைவியும் நெல்லைத் தார் ரோட்டில் பரப்பிக் காய வைத்தார்கள். வெயில் வந்தால் பரப்புவது, தூறல் விழுந்தால் அள்ளுவது. அடியில் இருந்தது முளைவிட்டிருந்தது. அதைக் கோழிக்குப் போட்டான். மீதியைப் பிறகு கொண்டுபோய்ப் போட்டான். சொந்த மண்ணின் முதல் குறுவை இப்படி முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நெல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மீன் குழம்பு ஊற்றினேன், நிதானமாகச் சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டான்.

"ஏக்கா, உங்க மெஷினுக்கு அன்னிக்கு லீவுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் இன்னும் ரெண்டு நாள் முந்தியே அறுத்து, டிராக்டர் பிடிச்சு லோடு ஏத்தியிருப்பேனே."

திட்டியிருந்தால் பரவாயில்லை. எங்கள் நடைமுறையில் எல்லாம் இருந்தது. யார் டைப் செய்வது, யார் பின்னால் நிற்பது, எந்த ஊருக்கு முதலில் பிங், எல்லாம். யாருக்குச் சொல்வது என்பது மட்டும் இல்லை.

மறுநாள் சாரிடம் அதை அப்படியே சொன்னேன். நின்றபடியே கேட்டார். சாயங்காலம் கிளம்பும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, "பிங் நமக்கும்மா. அவங்களுக்கு விரல்" என்றார்.

அடுத்த வருஷத்திலிருந்து நடைமுறை மாறியது. இளையதுக்கு மாற்றியதும் எங்களில் ஒருவர் கொள்முதல் நிலையத்தில் போய் நிற்பார். ஒரு உண்மையான விவசாயியின் விரல் இளையது வழியாகப் போய் முடிந்தது என்று அங்கிருந்து போன் வந்த பிறகுதான் மூத்ததின் ஸ்க்ரூவில் கை வைப்போம். போய் நிற்பவர் மாறிக்கொண்டே இருப்பார். நான் எப்போதும் கீபோர்டில். முக்கியமாக, ஒரு வாரம் முன்பே எல்லா நிலையத்துக்கும் தகவல் போகும்.

அந்தோணி அந்தத் தகவலுக்காகக் காத்திருப்பதில்லை. குறுவைக் கதிர் பழுக்க ஆரம்பித்ததும் எனக்குப் போன் வந்துவிடும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதல் பேச்சு, "எப்பக்கா உங்க மெஷினுக்குப் பொட்டு?" நான் நாளையும் நேரத்தையும் சொல்வேன். அதற்குத் தகுந்தமாதிரி அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லி வைப்பான். அவன் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அப்புறம் அது பழகி, அந்த போன் வராவிட்டால் குறுவையே வராது என்பதுபோல ஆகிவிட்டது. சார் வேலையை விட்டு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்ட பிறகும் கேட்டான். நான் வேலையை விட்ட பிறகு, இந்த வருஷமும் கேட்டான். ஹரிணி பேசிய மறுநாள்.

"எப்பக்கா பொட்டு?"

"தெரியலடா."

"உனக்கே தெரியலையா?"

"மெஷினு சென்னைக்குப் போகுதாம். இனிமே எப்ப ஆஃப் பண்றது, பண்றதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க."

பின்னால் பம்புசெட் சத்தம் கேட்டது. "சரி, நீ வீட்டுல சும்மாதானே நடந்துக்கிட்டிருக்க. நான் நெல்லு கொட்டுற அன்னிக்கு வந்து குவியல்கிட்ட உட்காரு" என்றான்.

நேற்று கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். வெயிலும் மேகமுமாக ஒரு பகல். குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தான். நான் உட்காரவில்லை. அவன் முறை வந்தபோது கூடவே உள்ளே போனேன். பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை வைத்தான். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

இத்தனை வருஷம் அந்த வட்டத்தின் மறுமுனையில் இருந்திருக்கிறேன். இந்தப் பக்கம் நின்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் கை தானாகப் பையில் போனைத் தேடியது. யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தோணி திரையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் சுற்றியது. பிறகு பெயர் வந்தது.

"ஆச்சுக்கா" என்று அவன் எடை போடும் இடத்துக்குப் போய்விட்டான். அடுத்தவர் விரல் வைக்க வந்தார், நான் ஓரமாக ஒதுங்கி அவருடைய வட்டம் சுற்றுவதையும் பார்த்தேன்.

ஹரிணி, நீ கேட்ட இரண்டு வரி இதுதான். சென்னையில் இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மூத்ததை அணைத்துப் பாருங்கள், இளையது சுமக்கிறதா என்று தெரிய வேறு வழி கிடையாது. ஆனால் அணைப்பதற்கு ஒரு வாரம் முன்பு அந்தோணிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு, நம்பர் என்னிடம் இருக்கிறது.